கூகுளில் முதலில் வருவதெல்லாம் அசல் இல்லை, தம்பி

கேள்வி, சுருக்கமாக: "அண்ணாச்சி, எங்களுக்குக் கல்லிடைக்குறிச்சி. அம்மா பீடி சுற்றுகிறார். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகைக்குத் தங்கையை விண்ணப்பிக்க வைக்க அப்பா போனில் தேடினார். ஏதோ ஒரு தளம் பதிவுக் கட்டணம் 199 ரூபாய் என்று கேட்டது, கட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து 'வைரஸ் வந்துவிட்டது' என்று போனில் மணிக்கொரு அறிவிப்பு. தேடும்போது எது நல்ல தளம், எது மோசடித் தளம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டால் போதுமா?"

தம்பி, பணம் கட்டாமல் விட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். அந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஒரு பைசா கட்டணம் கிடையாது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அப்பாவின் போன்.

அதில் அநேகமாக வைரஸ் எதுவும் இல்லை. அந்தத் தளம் திறந்ததும் 'நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அலவ் அழுத்தவும்' என்று ஒரு பெட்டி வந்திருக்கும், அப்பாவும் அழுத்தியிருப்பார். ரோபோவுக்கும் அந்தப் பெட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 'இந்தத் தளம் எனக்கு எப்போது வேண்டுமானாலும் அறிவிப்பு அனுப்பலாம்' என்று குரோமுக்குக் கொடுத்த சம்மதம் அது. தளத்தை மூடினாலும் சம்மதம் அப்படியே இருக்கும். அப்புறம் 'போனில் 5 வைரஸ்', 'பேட்டரி கெட்டுவிட்டது', 'உடனே சுத்தம் செய்யவும்' என்று வரிசையாக வரும். போனே சொல்வதுபோல ஆண்ட்ராய்டு பொம்மையெல்லாம் போட்டிருப்பார்கள். அறிவிப்பின் மேல் ஓரத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்: பொடி எழுத்தில் குரோம் என்றும், பக்கத்தில் வாயில் நுழையாத ஒரு தளத்தின் பெயரும் இருக்கும். அதுதான் ஆள்.

அந்த அறிவிப்பைத் தட்ட வேண்டாம். குரோமைத் திறந்து, மேலே மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் சம்மதம் வாங்கிய தளங்களின் பட்டியல் வரும். தெரியாத பெயர் ஒவ்வொன்றையும் தட்டி பிளாக் கொடுங்கள். இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று மொத்தமாகவும் அங்கேயே அணைத்துவிடலாம். அப்பா வயதுக்காரர்களின் போனுக்கு அணைத்து வைப்பதே நல்லது. அறிவிப்பைத் தட்டியதில் 'கிளீனர்', 'பூஸ்டர்' என்று ஏதாவது ஆப் இறங்கியிருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இத்தோடு தொல்லை ஓய்ந்துவிடும்.

சரி, இனி பெரிய கேள்வி.

நெல்லை வண்ணார்பேட்டையில் நான் வைத்திருப்பது கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. பக்கத்திலேயே ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுத் தருகிறோம். 'ஹேக் பண்ணிட்டாங்க அண்ணாச்சி' என்று வருகிறவர்களின் கதையைக் கேட்டால், யாரும் அவர்கள் போனுக்குள் பூட்டை உடைத்துக்கொண்டு வந்திருக்க மாட்டார்கள். இவர்களே கூகுளில் எதையோ தேடி, முதலில் வந்ததைத் தட்டி, அங்கே கேட்டதைக் கொடுத்திருப்பார்கள். அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: தெரிந்துகொள்ளத் தேடுங்கள், பணம் கட்டும் இடத்துக்குப் போகத் தேடாதீர்கள்.

குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா, பாபநாசம் அணையில் எத்தனை அடி நிற்கிறது, சுகருக்குக் கருப்பட்டி ஆகுமா என்று எதை வேண்டுமானாலும் தேடுங்கள். தப்பான பக்கத்தில் விழுந்தால் தப்பான சேதி கிடைக்கும், அவ்வளவுதான். ஆனால் வங்கி, கேஸ், கரண்ட் பில், பாஸ்போர்ட், ஆதார், ரயில் டிக்கெட், உதவித்தொகை, கஸ்டமர் கேர் எண் ஆகியவற்றைத் தேடுவது வேறு கணக்கு. அங்கே போய்ச் சேர்ந்ததும் நீங்கள் பணமோ ஓடிபியோ ஆதார் எண்ணோ கொடுக்கப்போகிறீர்கள். மோசடிக்காரன் காத்திருப்பதும் அந்த மாதிரிச் சொற்களில்தான். 'தாமிரபரணி எங்கே உற்பத்தியாகிறது' என்ற தேடலுக்கு எவனும் காசு செலவழித்துப் போலித் தளம் கட்ட மாட்டான். 'கேஸ் கஸ்டமர் கேர் நம்பர்' என்பதற்குக் கட்டுவான்.

மேலே வருவது எப்படி மேலே வருகிறது என்று தெரிந்தால் பாதி எச்சரிக்கை தானாக வந்துவிடும். முதல் வழி விளம்பரம். பக்கத்தின் உச்சியில் 'ஸ்பான்சர்டு' என்ற சிறு எழுத்தோடு வருபவை காசு கொடுத்து வாங்கிய இடங்கள். கூகுள் விளம்பரதாரர்களைச் சோதிக்கத்தான் செய்கிறது, ஆனாலும் நழுவி உள்ளே வருபவர்கள் இருக்கிறார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதைப் பற்றியே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தேடல் விளம்பரங்களில் நிறுவனங்களின் பெயரில் போலிகள் வருகின்றன, தேடும்போது விளம்பரத் தடுப்பானைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று போலீஸ்காரர்களே சொன்னார்கள். இரண்டாவது வழி, தேடும் சொற்களையே திரும்பத் திரும்ப எழுதி நிரப்பிய பக்கங்கள். ஒரு கல்லூரியின் பழைய தளத்துக்குள்ளேயோ, பராமரிப்பில்லாத ஒரு அலுவலகத் தளத்துக்குள்ளேயோ புகுந்து, யாருக்கும் தெரியாமல் தங்கள் பக்கத்தைச் செருகி வைப்பதும் உண்டு. பெயர் நல்ல பெயராக இருக்கும், தட்டினால் ரம்மிக்கோ சூதாட்டத்துக்கோ கொண்டுபோய் விடும். தட்டிய இடம் ஒன்று, போய்ச் சேர்ந்த இடம் இன்னொன்று என்றால் அங்கே நிற்காமல் திரும்பிவிட வேண்டும்.

மூன்றாவது வழிதான் நம் ஊர்க்காரர்களை அதிகம் கவிழ்ப்பது. கஸ்டமர் கேர் எண்.

கூகுள் மேப்பில் ஒரு கடையின், வங்கிக் கிளையின் போன் எண்ணை மாற்றச் சொல்லி யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். மகாராஷ்டிரத்தில் 2018-லேயே வங்கிக் கிளைகளின் எண்ணை இப்படி மாற்றி வைத்துப் பணம் பறித்திருக்கிறார்கள். கேள்வி பதில் தளம், சமூக ஊடகப் பதிவு, யாரோ பதிவேற்றிய பிடிஎஃப் என்று எங்கெல்லாம் எழுத முடியுமோ அங்கெல்லாம் நிறுவனத்தின் பெயரையும் தங்கள் செல்போன் எண்ணையும் எழுதிப் போட்டுவிடுவார்கள். தேடினால் அது வந்து நிற்கும். இப்போது தேடல் முடிவுகளுக்கு மேலே ஏஐ ஒரு சுருக்கம் தருகிறதே, அதுவும் வலையில் கிடப்பதைத்தான் பொறுக்கித் தருகிறது. அதில் வரும் எண்ணையும் அப்படியே நம்பி அழைக்கக் கூடாது.

அழைத்தால் என்ன நடக்கும்? மறுமுனையில் நல்ல மரியாதையான குரல். 'உங்கள் புகார் பதிவாகிவிட்டது சார், 10 ரூபாய் மட்டும் அனுப்பி உறுதிசெய்யுங்கள்' என்று ஒரு லிங்க் வரும். அல்லது 'ஒரு சின்ன ஆப் போடுங்கள், நாங்களே சரிசெய்கிறோம்' என்பார்கள். அது எனிடெஸ்க் மாதிரியான, உங்கள் திரையைத் தூரத்திலிருந்து பார்க்கும் ஆப். அந்த ஆப்பில் குற்றமில்லை, எங்கள் கடையிலும் வேலைக்கு அதைப் பயன்படுத்துகிறோம். ஆனால் உங்கள் திரையை அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் வங்கி ஆப்பைத் திறந்தால் தட்டும் எழுத்தும், வரும் ஓடிபியும் அவன் கண்ணில் படும். 10 ரூபாய் அவனுக்கு எதற்கு?

எண் வேண்டுமா, கையில் இருக்கும் பொருளைப் பாருங்கள். ஏடிஎம் கார்டின் பின்பக்கம், பாஸ்புக், கேஸ் புத்தகம், பில், வாங்கிய பொருளின் அட்டைப்பெட்டி. அங்கே அச்சான எண்ணை யாரும் இரவோடு இரவாக மாற்ற முடியாது. சில எண்களை ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்: மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987, ரயில்வே 139, ஆதார் 1947, கேஸ் கசிவுக்கு 1906, சைபர் மோசடிக்கு 1930. இவற்றுக்காக யாரும் கூகுளுக்குப் போக வேண்டாம்.

அடுத்தது தளத்தின் முகவரியை வாசிக்கும் பழக்கம். இது வந்துவிட்டால் எந்த ஆன்டிவைரஸும் செய்யாத காவலை உங்கள் கண்ணே செய்யும். தபால் உறையில் பெயர், தெரு என்று எழுதி ஊர் கடைசியில் வருகிறதல்லவா, தபால்காரர் முதலில் பார்ப்பது அந்தக் கடைசி வரியைத்தான். வலை முகவரியும் அப்படியே. தொடக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே வாருங்கள், முதல் ஒற்றைச் சாய்கோடு வரும் இடத்தில் நிறுத்துங்கள். (தொடக்கத்தில் ஹெச்டிடிபிஎஸ்-க்கு அடுத்து வரும் இரட்டைச் சாய்கோட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள்.) அந்தச் சாய்கோட்டுக்கு உடனே முன்னால் இருக்கும் துண்டுதான் ஊர். ஒரு முகவரி 'எஸ்பிஐ டாட் கோ டாட் இன் டாட் கேஒய்சி-அப்டேட் டாட் எக்ஸ்ஒய்இஸட்' என்று இருந்தால், முன்னால் உள்ள எஸ்பிஐ வெறும் அலங்காரம். ஊர் 'கேஒய்சி-அப்டேட் டாட் எக்ஸ்ஒய்இஸட்'. அதை யாரோ ஒருவன் சொற்பக் காசுக்கு வாங்கியிருக்கிறான். சாய்கோட்டுக்குப் பிறகு வருபவை உள்ளறைகள், அங்கே யாரும் எந்தப் பெயரையும் எழுதிக்கொள்ளலாம்.

போனில் முகவரி முழுதாகத் தெரியாது, பாதியிலேயே வெட்டிக் காட்டும். மேலே முகவரிப் பட்டையைத் தொட்டு நகர்த்திப் பாருங்கள். சோம்பல் பட்டால் போச்சு.

பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். மேலப்பாளையம், கடையநல்லூர், தென்காசிப் பக்கமிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் நம் பகுதியில் எத்தனை பேர்! நெல்லையிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரம் இருக்கிறது. விண்ணப்பிக்க அரசின் தளம் ஒன்றே ஒன்று: 'பாஸ்போர்ட்இந்தியா டாட் ஜிஓவி டாட் இன்'. ஆப் என்றால் எம்பாஸ்போர்ட் சேவா. ஆனால் வெளியுறவு அமைச்சகம் பெயர் சொல்லி எச்சரித்த போலித் தளங்களின் பட்டியலைப் பாருங்கள்: 'இந்தியாபாஸ்போர்ட் டாட் ஆர்க்', 'பாஸ்போர்ட்-இந்தியா டாட் இன்', 'அப்ளைபாஸ்போர்ட் டாட் ஆர்க்'. அவசரத்தில் பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். 36 பக்கச் சாதாரண பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1500 ரூபாய். இவர்கள் அதற்கு மேல் வாங்குவார்கள், நேர்காணல் நாளும் கிடைக்காது. போன பணத்தை விடப் பெரிய நஷ்டம், பிறந்த தேதி, முகவரி, ஆதார் என்று அத்தனை விவரத்தையும் நாமே பூர்த்திசெய்து அவன் கையில் கொடுத்துவிட்டு வந்திருப்போம்.

'ஜிஓவி டாட் இன்' என்று முடியும் முகவரியை அரசு அமைப்புகள் தவிர வேறு யாரும் பதிவுசெய்ய முடியாது. வெறும் 'டாட் இன்', 'டாட் காம்', 'டாட் ஆர்க்' மூன்றையும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். 'ஆர்க்' என்றால் தொண்டு நிறுவனம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய, அப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லை. வங்கிகளுக்கும் இப்போது ஒரு நல்லது நடந்திருக்கிறது. எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் தங்கள் தளத்தை 'பேங்க் டாட் இன்' என்ற முடிவுக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கி அல்லாதவர்களுக்கு அந்த முடிவு கிடைக்காது. ஆகவே வங்கித் தளம் என்று ஏதாவது வந்தால், சாய்கோட்டுக்கு முன்னால் 'பேங்க் டாட் இன்' இருக்கிறதா என்று பாருங்கள்.

விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்லாமல் போனால் நாளைக்கு என்னைத்தான் பிடிப்பீர்கள். ரயில் டிக்கெட் எடுக்கும் ஐஆர்சிடிசி 'கோ டாட் இன்'-இல் இருக்கிறது. தமிழ்நாடு வனத்துறையின் மலையேற்றத் திட்டமான 'ட்ரெக் தமிழ்நாடு' 2024 அக்டோபரில் தொடங்கியது, அது இருப்பது 'டாட் காம்'-இல். அரசுடையது எல்லாமே ஜிஓவியில் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. இந்த மாதிரி இடங்களுக்கு ஒருமுறை நிதானமாக, துறையின் ஜிஓவி தளத்தில் உள்ள இணைப்பு வழியாகவோ பிளே ஸ்டோரில் உள்ள அதிகாரப்பூர்வ ஆப் வழியாகவோ போய்ச் சேருங்கள். சேர்ந்ததும் நட்சத்திரத்தைத் தட்டி புக்மார்க் செய்துகொள்ளுங்கள். அடுத்த முறை தேடலே வேண்டாம். அப்பாவின் போனில் பத்துப் பன்னிரண்டு புக்மார்க் போட்டுக்கொடுக்க அரை மணி நேரம் ஆகும். தம்பி, இந்தப் பதிலில் நீங்கள் ஒரே ஒரு காரியம் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

பூட்டுப் படம் இருந்தால் பத்திரம் என்று ஒரு காலத்தில் எல்லோரும் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பாடத்தை மறந்துவிடுங்கள். உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகும் பேச்சை மூன்றாவது ஆள் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் பூட்டின் பொருள். எதிரில் இருப்பவன் யோக்கியனா என்பதைப் பற்றி அது வாய் திறக்காது. அந்தப் பூட்டுக்குத் தேவையான சான்றிதழ் இப்போது இலவசமாகவே கிடைக்கிறது, போலித் தளங்களும் வாங்கி வைத்திருக்கின்றன. ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று குரோமே 2023-இல் பூட்டுச் சின்னத்தை எடுத்துவிட்டது.

சீசன் வந்துவிட்டால் குற்றாலம் கேஸ் வரும். ஆனி பிறந்து சாரல் தொடங்கியதும் சென்னையிலிருந்து சொந்தக்காரர்கள் 'ரூம் போடு' என்று போன் செய்வார்கள். 'குற்றாலம் காட்டேஜ்' என்று தேடினால் அழகழகான தளங்கள். அருவிப் படம், நீச்சல் குளம், வாட்ஸ்அப் எண். பாதிப் பணம் முன்பணமாக யூபிஐயில் கேட்பார்கள், அனுப்பியதும் 'ஜிஎஸ்டி தனியாக அனுப்புங்கள், பிறகு திருப்பித் தருகிறோம்' என்று இன்னொரு முறை. குடும்பத்தோடு வேனில் வந்து இறங்கினால் அப்படி ஒரு காட்டேஜே இருக்காது, அல்லது இருக்கும், அவர்களுக்கு இந்த புக்கிங் பற்றி ஒன்றும் தெரியாது. இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. கேதார்நாத் பயணம், சோம்நாத் விடுதி என்று யாத்திரை போகிறவர்களைக் குறிவைக்கும் போலித் தளங்கள் பற்றி மத்திய உள்துறையின் சைபர் குற்றப் பிரிவு 2025 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் எச்சரித்தது.

இதற்கு என் சோதனை எளிது. போன் செய்து வாட்ஸ்அப்பை விட்டுப் பேச்சுக்கு இழுங்கள். 'ஐந்தருவிக்குப் பக்கமா, பழைய குற்றாலம் போகிற வழியா? பஸ் ஸ்டாண்டிலிருந்து எப்படி வரணும்?' என்று கேளுங்கள். ஊரைப் பார்த்தேயிராதவன் உடனே 'லொகேஷன் அனுப்புகிறேன் சார்' என்று நழுவுவான். பணம் அனுப்பும் முன் யூபிஐ திரையில் வரும் பெயரைப் பாருங்கள். காட்டேஜ் தென்காசிப் பக்கம், கணக்கு சம்பந்தமே இல்லாத ஒரு தனி ஆள் பெயரில் என்றால் விரலை எடுத்துவிடுங்கள். தென்காசியில் யாராவது சொந்தக்காரர் இருந்தால் ஒரு எட்டு போய்ப் பார்த்துவரச் சொல்வது இன்னும் நல்லது. கேட்கக் கூச்சப்பட வேண்டாம், நம் பக்கத்தில் அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆன்லைன் கடைகளுக்கும் விலைதான் முதல் சாட்சி. பத்தமடைப் பட்டுப்பாய் 399 ரூபாய்க்கு என்று ஒரு விளம்பரம் வந்தால், கோரையை நூலாகக் கிழித்துத் தறியில் நாள்கணக்காக உட்காரும் அந்த வேலையைப் பார்த்தவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். வெளியூர்க்காரர்தான் மாட்டுவார்.

இனி தரவிறக்கம். புதுப்படம் ஓசியில் பார்க்கத் தேடுவதைப் போல வம்பை விலைகொடுக்காமல் வாங்கும் வழி வேறில்லை. அந்தப் பக்கங்களில் பிளே பட்டன் மாதிரி நாலு இருக்கும், நாலும் பிளே பட்டன் இல்லை. கம்ப்யூட்டரில் 'கிராக்' போட்ட, அதாவது காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்த மென்பொருள் தேடுகிறவர்களின் நிலைமை அதைவிட மோசம். அதில் வருவது பெரும்பாலும் உங்கள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு அத்தனையையும் அள்ளிக்கொண்டு போகும் திருட்டு நிரல். உள்ளே நுழைந்திருக்கும் கணக்கின் அடையாளத்தையும் சேர்த்துத் தூக்கிவிடுவதால், ஓடிபி கேட்காமலே உங்கள் மெயிலுக்குள் போய்விடுவான். இலவச மென்பொருளுக்கும் சொந்த வீடு எதுவென்று தெரிந்து போக வேண்டும். வீடியோ பார்க்க உதவும் விஎல்சி பிளேயரின் வீடு 'வீடியோலேன் டாட் ஆர்க்'. விஎல்சி, 7-ஜிப் போன்றவற்றின் பெயரில் கூகுள் விளம்பரத்திலேயே போலிகள் வந்திருக்கின்றன. தமிழில் தட்டச்சு செய்ய மென்பொருள் தேடி அலைகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ் ஃபொனெடிக் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் மொழியைச் சேர்த்தால் போதும்.

போனில் ஏபிகே, அதாவது பிளே ஸ்டோர் இல்லாமல் நேராக ஆப்பை நிறுவும் கோப்பு. 'வாகன அபராதம் பார்க்க', 'பிஎம் கிசான் பட்டியல் பார்க்க', 'கல்யாணப் பத்திரிகை' என்று ஏதாவது பெயரில் ஏபிகே கோப்பு வரும். வாட்ஸ்அப்பிலும் வரும், தேடிய தளத்திலிருந்தும் இறங்கும். பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வரும் ஆப் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டால், உங்களுக்கு வரும் ஓடிபி அவனுக்குப் போகப்போகிறது என்று அர்த்தம். அக்சசிபிலிட்டி அனுமதி கேட்டால் இன்னும் மோசம், உங்களுக்குப் பதிலாக அதுவே திரையைத் தட்டும்.

லேப்டாப் வைத்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு புதுத் தந்திரம் வந்திருக்கிறது, 2024-இலிருந்து பரவலாக. பக்கம் திறந்ததும் வழக்கமான 'நான் ரோபோ இல்லை' கட்டம். அதைத் தட்டினால் மூன்று படி சொல்லும்: விண்டோஸ் விசையோடு ஆர், அப்புறம் கன்ட்ரோல் வி, அப்புறம் என்டர். அவ்வளவுதான், ஒன்றும் தரவிறக்கவில்லையே என்று தோன்றும். நீங்கள் கட்டத்தைத் தட்டியபோதே ஒரு கட்டளை வரியை உங்கள் கிளிப்போர்டில் (காப்பி செய்தது தங்கும் இடம்) அது நகலெடுத்து வைத்துவிட்டது. விண்டோஸ் ஆர் திறப்பது கட்டளை ஓட்டும் பெட்டி, கன்ட்ரோல் வி அதில் ஒட்டுகிறது, என்டர் ஓட்டுகிறது. நீங்களே உங்கள் கையால் திருட்டு நிரலை வரவழைக்கிறீர்கள், ஆன்டிவைரஸும் 'முதலாளி சொல்லித்தான் செய்கிறார்' என்று சும்மா இருந்துவிடும் வாய்ப்பு உண்டு. மனிதன்தானா என்று சோதிக்க எந்த உண்மையான தளமும் விண்டோஸ் ஆர் அழுத்தச் சொல்லாது.

திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் அடித்து, 'இந்த எண்ணை அழைக்கவும்' என்று மைக்ரோசாஃப்ட் பெயரில் ஒரு பக்கம் வந்தால் பதற வேண்டாம். அது வெறும் வலைப்பக்கம். எஸ்கேப் விசையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும், பிறகு மூடிவிடுங்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் எண் இருக்காது.

ஆன்டிவைரஸ் கேட்டீர்கள். விண்டோஸில் கூடவே வரும் டிஃபெண்டர் வீட்டு உபயோகத்துக்குப் போதும், அப்டேட் மட்டும் நிறுத்தாதீர்கள். ஆண்ட்ராய்டில் ஆப்களைச் சோதிக்கும் பிளே ப்ரொடெக்ட் கூடவே இருக்கிறது. காசு கொடுத்து வாங்குவதில் தப்பில்லை. ஆனால் 199 ரூபாய் கேட்ட அந்தத் தளத்தில் வைரஸே இருந்திருக்காது, வெறும் படிவம்தான். படிவத்தை எந்த ஆன்டிவைரஸ் பிடிக்கும்? குரோமில் உள்ள இன்காக்னிட்டோ என்ற ரகசியப் பக்கமும் இதற்குக் காவல் இல்லை, அது உங்கள் போனில் தேடிய வரலாறு தங்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே.

காசில்லாமல் செய்ய வேண்டிய மாற்றங்கள் சில உண்டு. குரோம் செட்டிங்ஸில் சேஃப் பிரவுசிங் என்ற இடத்தில் 'என்ஹான்ஸ்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பார்க்கும் தள முகவரிகள் கூகுளுக்குப் போகும், அது உறுத்தினால் 'ஸ்டாண்டர்டு' இருக்கட்டும், அணைத்து மட்டும் வைக்காதீர்கள். ஆண்ட்ராய்டு 9-உம் அதற்குப் பிறகு வந்தவையும் உள்ள போன்களின் செட்டிங்ஸில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஒன்று உண்டு. அதில் 'டிஎன்எஸ் டாட் குவாட்9 டாட் நெட்' என்று ஆங்கிலத்தில் எழுதிச் சேமித்தால், தெரிந்த மோசடித் தளங்களின் முகவரியைப் போன் திறக்கவே திறக்காது. நேற்று முளைத்த தளத்தை அதற்கும் தெரியாது என்பதை மறக்க வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைப் போட்டுக்கொண்டால் விளம்பர முடிவுகள் கண்ணிலேயே படாது, போனில் உள்ள ஃபயர்ஃபாக்ஸிலும் போடலாம். பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்துத் தானே நிரப்பும் பாஸ்வேர்டு மேனேஜருக்கு இன்னொரு குணம் உண்டு. அது முகவரியைப் பார்த்துத்தான் பாஸ்வேர்டை நிரப்பும். வழக்கமாகத் தானே நிரப்புவது இன்றைக்கு நிரப்பாமல் நின்றால், கோபப்பட்டுக் கையால் தட்டாமல் முகவரியைப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் யாருக்காவது பணம் போய்விட்டால், அழுது முடித்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. உடனே 1930. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், வெளியே எடுக்கும் முன் வழியில் முடக்க முடிந்தால்தான் உண்டு. கையில் பரிவர்த்தனை எண்ணும், நேரமும், தொகையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு 'சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்'-இல் புகாரைப் பதியுங்கள். நெல்லை மாநகருக்கும் மாவட்டத்துக்கும் சைபர் கிரைம் காவல் நிலையங்கள் தனித்தனியே உண்டு, நேரிலும் போகலாம். வங்கிக்கும் அதே மூச்சில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, ஓடிபியை நாமே சொல்லியிருந்தால் தெரிவிக்கும் வரை போன பணம் நம் தலையில். ஆனால் தெரிவித்த பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியே எங்கோ கசிந்து போனது என்றால், 3 வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு முழுப் பாதுகாப்பு. ஒரு வங்கிக் கிளையில் 'போலீஸ் எஃப்ஐஆர் கொண்டுவாருங்கள், அப்புறம் பார்க்கலாம்' என்று ஒரு பெரியவரைத் திருப்பி அனுப்பினார்கள். அப்படிச் சொன்னால் நகராதீர்கள். புகாரை வாங்கிக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்து, இல்லையென்றால் புகார் எண், இரண்டில் ஒன்று இல்லாமல் வெளியே வர வேண்டாம். அந்தத் தேதிதான் பின்னால் பேசும்.

சாட்சியை அழிக்காதீர்கள். பயத்தில் எல்லாவற்றையும் டெலிட் செய்துவிட்டுத்தான் பாதிப் பேர் கடைக்கு வருகிறார்கள். முகவரி முழுதும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட், வந்த எண், வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் இருக்கட்டும். ஏபிகே போட்டிருந்தால் முதலில் நெட்டை அணைத்து, வேறு ஒரு போனிலிருந்து வங்கிக்குப் பேசி, அதன் பிறகு ஆப்பை நீக்குங்கள்.

இனி தங்கையின் உதவித்தொகை. அது மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தினுடையது. விண்ணப்பம் தேசிய உதவித்தொகைத் தளத்தில்: 'ஸ்காலர்ஷிப்ஸ் டாட் ஜிஓவி டாட் இன்'. தேடாமல் முகவரிப் பட்டையில் நேரடியாகத் தட்டிப் போங்கள். பதிவுக் கட்டணம், செயல்முறைக் கட்டணம் எதுவும் இல்லை. விண்ணப்பம் போட்டுத் தருகிற கடைக்காரர் தன் வேலைக்குக் கூலி வாங்குவது வேறு, தளமே காசு கேட்டால் அது அரசின் தளமில்லை. அம்மாவின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை, வருமானச் சான்று, தங்கையின் மதிப்பெண் பட்டியல், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு எல்லாம் எடுத்து வையுங்கள். பள்ளியிலோ கல்லூரியிலோ விண்ணப்பத்தை ஆன்லைனில் சரிபார்த்து அனுப்ப வேண்டும், அங்கே தூங்கிவிட்டால் மொத்தமும் நின்றுவிடும். போட்ட மறுநாளே தங்கையை அலுவலகத்தில் போய் நினைவூட்டச் சொல்லுங்கள். கடைசித் தேதி வருடத்துக்கு வருடம் மாறும், அந்தத் தளத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள்.